ஆமாம் சொல்லாத கால்

அத்தியாயம் 9

"செத்தவன் காலக் கட்டுறதுல என்னம்மா துப்பு கெடைக்கப் போவுது?" என்று கேட்டார் பலராமன்.

கேள்வி நியாயமானதுதான். கடலோரச் சுடுகாட்டில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறவர் அவர். இறந்தவரின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து ஒரு துணிநாடாவால் கட்டுவது வீட்டு மனிதர்கள் செய்கிற காரியம். சவக்கிடங்கிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்கு வருகிற உடம்புகளுக்கு அதைச் செய்ய யார் இருக்கிறார்கள்? பலராமன்தான் செய்வார். யாரும் அவரைக் கேட்பதில்லை. கட்டாமல் அனுப்ப அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

"துப்பு எங்க வேணா கிடைக்கும் பெரியவரே. எங்க மேடம் போன மாசம் ஒரு திருடன முறுக்கு கடிச்ச பல்ல வெச்சே புடிச்சாங்க. முறுக்கு இன்னும் கெடைக்கல" என்றார் பக்கிரி.

சிவசங்கரி அவரை முறைத்தாள். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள் அவள். அப்போது ஊரார் காலைப் பிடித்தாள், இப்போது வாருகிறாள் என்பது பக்கிரியின் கணக்கு. பக்கிரி அவளுடைய உதவியாளர். வயது ஐம்பத்தாறு. பஞ்சாலையை மூடியபோது அவருக்கு வேலை போனது. வாய் மட்டும் போகவில்லை.

அவர்கள் தேடி வந்தது ஒரே ஒரு கேள்விக்குப் பதில். பதினாலு மாதத்துக்கு முன்னால் இங்கே எரிந்தது யார்?

நோணாங்குப்பம் உப்பங்கழியில் ஒரு தனியாரின் சுற்றுலாப் படகை ஓட்டிக்கொண்டிருந்தவர் ராஜவேல். புயல் எச்சரிக்கை வந்த ஓர் ஐப்பசி நாளில், படகைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று போனார். படகு மட்டும் கிடைத்தது. ஒன்பது நாள் கழித்துக் கடற்கரையில் ஓர் உடம்பு ஒதுங்கியது. முகத்தை வைத்து யாரென்று சொல்ல முடியவில்லை. ராஜவேலின் அண்ணன் சட்டையைப் பார்த்து, "என் தம்பிதான்" என்று அழுதார். அழுகைக்கு மேல் என்ன சாட்சி என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மேற்கொண்டு சோதனை எதுவும் யாரும் கேட்கவில்லை.

ராஜவேலின் மனைவி சந்திரகலா மட்டும் நம்பவில்லை. அந்தச் சட்டை தீபாவளித் தள்ளுபடியில் ஊரில் நூறு பேர் வாங்கிய சட்டை என்றாள். உடம்பைப் பார்க்கப் போகவில்லை. எரிக்கிற அன்றும் போகவில்லை. கழுத்தில் தாலியோடும் நெற்றியில் பொட்டோடும் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்துக்குப் பெருக்கித் துடைக்கப் போய்வந்தாள். அக்கம்பக்கம் பேசியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஊர்க்காரர் ஒருவர் வந்து, காலாப்பட்டில் ராஜவேலைப் பார்த்தேன், கிளம்பிவிட்ட சென்னை பஸ்ஸை ஓடிப் பிடித்து ஏறினார் என்றார். மறுநாளே அவள் சிவசங்கரியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அவர கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு கேக்கல அக்கா. எரிஞ்சவரு அவரு இல்லன்னு மட்டும் சொல்லுங்க. நான் எத்தினி வருசம்னாலும் காத்திருப்பேன்" என்றாள்.

இதுதான் விவகாரம். காவல் நிலையமும் ஆஸ்பத்திரியும் கைவிரித்த பிறகு, அந்த உடம்பை உயிருள்ள கையால் கடைசியாகத் தொட்டவர் பலராமன் ஒருவர்தான் மிச்சம்.

"ஐப்பசி மாசம், புயலுக்குப் பொறவு வந்த உடம்பு. நெனப்பு இருக்குதா?" என்று கேட்டாள் சிவசங்கரி.

"மூஞ்சி இல்லாம வந்தாரே, அவருதானே? மறக்குமாம்மா? என்னைப் பாடாப் படுத்துன காலாச்சே அது."

"என்ன பண்ணுச்சு?"

பலராமன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பாதங்கள்போல வைத்துக் காட்டினார். "செத்தவங்க பாதம் ரெண்டும் கீழ தொங்கிப் போயி வெளிப்பக்கமா சாஞ்சு கெடக்கும். ரெண்டையும் கிட்ட இழுத்து ஒரு முடிச்சுப் போட்டா வேலை முடிஞ்சுது. இவருக்கு வலது பாதம் அப்பிடித்தான் கெடந்துச்சு. இடது பாதம் மட்டும் நிமிந்து நின்னுச்சு. ஒரு கட்டைவெரலு மேல, ஒண்ணு கீழ. எப்பிடி சேரும்?"

"சொல்தா மாதிரி அட்டென்ஷன்ல நின்னுச்சா?" என்றார் பக்கிரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள்.

பலராமன் சிரிக்கவில்லை. "அப்பிடியேதான்" என்றார்.

"செத்ததும் வர்ற விறைப்பா இருக்கும்" என்றாள் சிவசங்கரி, வேண்டுமென்றே.

"ஒம்போது நாள் ஒடம்பும்மா. விறைப்பு வந்து, போயே போச்சு. முட்டி மடங்குது. இடுப்பு மடங்குது. அட, அந்தப் பாதத்தையே இப்பிடி உள்பக்கம் வெளிப்பக்கம் சாச்சா சாயுது. கீழ அழுத்துனா மட்டும் வரமாட்டேங்குது."

சிவசங்கரியின் பேனா நின்றது. "பக்கவாட்டுல சாஞ்சுதா? நல்லா தெரியுமா?"

"என் கையி இது. பொய் சொல்லுமா?"

"அப்புறம் எப்பிடிக் கட்டினீங்க?"

"பலங்கொண்ட மட்டும் அமுக்கிப் பார்த்தேன். முடியல. கடைசியில வலது பாதத்த மேல தூக்கி அதோட சேத்துக் கட்டினேன். வராதவன எத்தினி நேரம் கூப்புடறது? வர்றவனக் கொண்டுபோயி வுட வேண்டியதுதான்."

சிவசங்கரி எழுந்து அவரைக் கும்பிட்டாள். பக்கிரியும் கும்பிட்டார். அவர் வாய் ஓய்ந்திருந்தது அந்த அரை நிமிடம்தான்.

சுடுகாட்டைத் தாண்டிய முதல் டீக்கடையில் பெஞ்சு காலியாக இருந்தது.

"செருப்பக் கழட்டிட்டு இடது கால பெஞ்சு மேல வைங்கண்ணே."

"மேடம், டீக்கடைக்காரரு பாக்கறாரு. நீங்க என் கால்ல விழப்போறீங்கன்னு நெனச்சுக்கப் போறாரு."

"வாய மூடிட்டு வைங்க." அவள் பக்கிரியின் குதிகாலை ஒரு கையால் பிடித்தாள். "ஒரு பாதத்துல இருபத்தாறு எலும்பு, முப்பத்து மூணு மூட்டு இருக்கு."

"முப்பத்து மூணா? எங்க மில்லுல ஒரு தறிக்கே அத்தினி போல்ட்டு கெடையாது."

"கணுக்கால்னா ஒரே மூட்டுன்னு எல்லாரும் நினைச்சுக்கிறோம். அங்க ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு இருக்கு. கால் எலும்பு ரெண்டும் சேந்து கீழ ஒரு எலும்பைக் கவ்விப் புடிச்சிருக்கே, அது மேல் மூட்டு. அதுதான் பாதத்த மேலயும் கீழயும் ஆட்டும். நாம தலையாட்டி ஆமாம் சொல்ற மாதிரி." அவள் பாதத்தை மேலும் கீழும் அசைத்தாள். "அதுக்கு அடியில குதிகால் எலும்போட சேர்றது கீழ் மூட்டு. அது பாதத்த உள்ளயும் வெளியயும் திருப்பும். இல்ல இல்லன்னு சொல்ற மாதிரி."

"ஆக, காலுக்கு ஒரு ஆமாம், ஒரு இல்ல. என் வீட்டுக்காரிக்கு கீழ் மூட்டு மட்டும்தான் வேலை செய்யுது."

"அந்த உடம்புக்கும் அப்பிடித்தான். இல்ல சொல்லுச்சு, ஆமாம் சொல்லல. விறைச்சுப் போன கால்னா ரெண்டு மூட்டும் சேந்து பூட்டியிருக்கணும். ஒண்ணு மட்டும் பூட்டியிருந்தா அது சாவு செஞ்ச வேலை இல்ல. உயிரோட இருந்தப்பவே முறிஞ்சு, கோணலா கூடி, எலும்போட எலும்பு ஒட்டிக்கிட்ட மூட்டு அது. பல மாசம் ஆகியிருக்கணும்."

பக்கிரியின் டீ பாதி வழியில் நின்றது. "அப்ப ராஜவேலுக்கு..."

சிவசங்கரி நோட்டைப் புரட்டினாள். முதல் நாள் சந்திரகலாவிடம் கேட்டு எழுதியது அதில் இருந்தது. பழைய முறிவு, தழும்பு, நடையில் மாற்றம் ஏதாவது உண்டா? பதில்: ஒன்றும் இல்லை. மான் மாதிரி ஓடுவார். காவல் நிலையத்திலும் அவள் இதையே மூன்று முறை சொல்லியிருந்தாள்.

"எரிஞ்சது ராஜவேலு இல்ல!" பக்கிரி ஒற்றைக் காலில் குதித்தார். "பழம் நழுவிப் பால்ல வுழுந்துச்சு மேடம்! போன் போடுங்க, அந்தப் பொண்ணு காதுல இப்பவே போடுவோம்."

"நேர்ல சொல்லுவோம். யாரோ ஒருத்தரு செத்திருக்காரு அண்ணே. அவருக்கும் எங்கியோ ஒரு வீடு இருக்கும்."

சொன்னாளே தவிர, அவளுக்கும் சந்தோஷம்தான். இந்தத் தொழிலில் நல்ல சேதி சொல்லப் போகிற நாள் வருடத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். சந்திரகலாவுக்குப் போன் செய்து, மத்தியானம் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருக்கச் சொன்னாள். போகிற வழியில் பக்கிரி ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினார். தன் சொந்தக் காசில் அவர் ஒருவருக்கு இனிப்பு வாங்கியதை சிவசங்கரி அன்றுதான் பார்த்தாள்.

சந்திரகலாவின் வீடு நோணாங்குப்பத்தில், இரண்டு அறையும் ஒரு பின்கட்டுமான சின்ன வீடு. வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பக்கிரியின் கையிலிருந்த இனிப்புப் பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தை சிவசங்கரி பிறகு எத்தனையோ நாள் மறக்க முயன்று தோற்றாள்.

"உள்ள வாங்க அக்கா."

"சுடுகாட்டுலேர்ந்து வர்றோம்மா. கால் கழுவிட்டு வர்றோம்."

சந்திரகலா வீட்டை ஒட்டிய சந்துவழியைக் காட்டினாள். பின்பக்கம் ஒரு குழாயும் துவைக்கிற கல்லும் தகரக் கதவு போட்ட கழிப்பறையும் இருந்தன. பக்கிரி இனிப்புப் பெட்டியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, வலது பாதத்தை மேலும் கீழும் ஆட்டி "ஆமாம், ஆமாம்" என்று பாடிக்கொண்டே கழுவினார்.

சிவசங்கரி குழாயை மூடாமல் நின்றுவிட்டாள்.

கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உட்காரும் இடத்தில் வட்டமாக அறுத்து ஓட்டை போட்டிருந்தது. அறுத்த விளிம்பு தொடையில் குத்தாமல் இருக்க சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தது. முட்டிவலிக்காரர்கள் இருக்கிற வீடுகளில் தரைக் கழிப்பறைமேல் வைத்து உட்கார இப்படிச் செய்துகொள்வார்கள். நாற்காலிமேல் மாதக்கணக்கான தூசி.

"வீட்டுல பெரியவங்க யாரும்மா இருக்காங்க?" என்று குரல் கொடுத்தாள்.

"யாரும் இல்ல அக்கா. நானும் பாப்பா கவிநிலாவும்தான். அவளும் ஸ்கூல் போயிருக்கா."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. சிவசங்கரிக்கு அது குழாயடியிலேயே தெரிந்துவிட்டது. குந்தி உட்காருகிறவனுக்குப் பாதம் கணுக்காலில் நன்றாக மேலே மடங்க வேண்டும். மேல் மூட்டு பூட்டிக்கொண்டவனால் சமதரையில் ஓரளவு நடந்துவிட முடியும், நிற்க முடியும், நின்றபடி படகுகூட ஓட்ட முடியும். குந்த முடியாது.

அவள் பக்கிரியைப் பார்த்தாள். பக்கிரி நாற்காலியைப் பார்த்தார். பாட்டு நின்றது. இனிப்புப் பெட்டியை அவர் கல்லிலிருந்து எடுக்கவில்லை.

உள்ளே பாய் விரித்திருந்தது. மூவரும் உட்கார்ந்தார்கள்.

"ராஜவேலோட செருப்பு இருக்குதா சந்திரகலா?"

"இருக்குது அக்கா. வந்தா போட்டுக்குவாருன்னு வெச்சிருக்கேன்." அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி எடுத்துவந்தாள். சுத்தமாகத் துடைத்த செருப்பு. இடது செருப்பின் குதிகாலில் மட்டும் டயர் ரப்பரை ஒரு விரல் கனத்துக்கு வெட்டி ஒட்டியிருந்தது. பாதம் மேலே மடங்காதவனுக்குக் குதிகாலைத் தூக்கிக் கொடுத்தால் நடை ஓரளவு நேராகும். எத்தனையோ பேருக்கு சிவசங்கரியே சொல்லிக்கொடுத்த வைத்தியம்.

"எப்ப ஒடஞ்சுது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சந்திரகலா சுவரைப் பார்த்தாள். "அதச் சொல்லக்கூடாது அக்கா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாரு மேல?"

"பாப்பா தலையில அடிச்சு."

இந்த ஊரில் ஒரு தாய் எதை வேண்டுமானாலும் மீறுவாள், பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறமாட்டாள். போலீஸ்காரர் கேட்டும் மீறவில்லை. பணம் கொடுத்து வைத்த துப்பறிகிறவளிடமும் மீறவில்லை.

"நீங்க வாயத் தெறக்க வேணாம். நான் சொல்றேன். தப்புன்னா மட்டும் கையக் காட்டுங்க. இடது கணுக்கால் ஒடஞ்சுது. நாட்டுக் கட்டுப் போட்டீங்க. டூரிஸ்ட்டு வர்ற சீசனு. நாளு ஆகறதுக்கு முன்னாடியே கட்டப் பிரிச்சிட்டாரு. எலும்பு கூடுச்சு, மூட்டு மடங்கல. படகு மொதலாளிக்குத் தெரிஞ்சா படகுலேர்ந்து எறக்கிடுவாரு. அதனால யாருக்கும், அண்ணனுக்குக்கூட, சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு."

சந்திரகலாவின் கை அசையவில்லை.

"அந்தக் கால் இப்ப எதுக்கு அக்கா?" என்றாள். அவள் குரலில் பயம் வந்துவிட்டது.

சுற்றி வளைத்துச் சொன்னால் வலி குறையும் என்று சிவசங்கரி எப்போதும் நம்பியதில்லை. "எரிஞ்சவருக்கு இடது பாதம் மேல கீழ மடங்கல. அவருக்குக் கால்விரல் கட்டினவரு சொன்னாரு. காலாப்பட்டுல பஸ்ஸ ஓடிப் புடிச்சவரு வேற யாரோ. உங்க வீட்டுக்காரரால ஓட முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றாள் சந்திரகலா. "ஓடினாருன்னு சொன்னப்ப எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா அக்கா? எங்கியோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி கால சரி பண்ணிக்கிட்டாரு, அதான் இத்தினி நாளு ஆச்சுன்னு நெனச்சேன். நல்லா ஆனதும் வந்து காட்டுவாருன்னு நெனச்சேன்."

பக்கிரி எழுந்துபோய் பின்கட்டு வாசற்படியில் நின்றுகொண்டார்.

சந்திரகலா அந்த இடது செருப்பை மடியில் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று சிவசங்கரி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. அதைப் பார்க்க இன்னும் கஷ்டமாக இருந்தது.

"போலீசுல கேட்டப்பவே சொல்லியிருந்தா?"

"அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள் சிவசங்கரி.

"படகு மொதலாளிகிட்டயே சொல்லியிருந்தா? அந்த மழையில அவரு படகுல ஏறியே இருக்க மாட்டாரு. அந்தக் கால்தான் வழுக்கியிருக்கும், இல்ல?"

"அது யாருக்கும் தெரியாதும்மா. நல்ல கால் இருக்கறவங்களும் அன்னிக்கு விழுந்திருப்பாங்க."

சந்திரகலா தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பிறகு பின்கட்டுப் பக்கம் திரும்பி, "அண்ணே, விரல் கட்டினவரு அந்தப் பாதத்த ரொம்ப அமுக்கினாரா? மழை நாள்ல அவருக்கு அங்க தொட்டாலே வலிக்கும்" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அந்தக் காலத் தொடவே இல்ல. இன்னொரு காலத்தான் தூக்கிச் சேத்தாரு" என்றார் பக்கிரி. பாதி பொய். சிவசங்கரி திருத்தவில்லை.

தெருமுனையில் பள்ளிக்கூட வேனின் ஹாரன் கேட்டது. சந்திரகலா செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எரிக்கிற அன்னிக்கு பாப்பாவோட பெரியப்பா வந்து அவள அனுப்புன்னு கெஞ்சினாரு அக்கா. அவ போயி நிக்கணும்னு. நான்தான் யூனிபார்ம மாட்டி, யாரோ செத்ததுக்கு நீ எதுக்குடி லீவு போடணும்னு சொல்லி ஸ்கூலுக்கு அனுப்பினேன். அன்னிக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை. நல்லா எழுதினேம்மான்னு சிரிச்சிக்கிட்டே வந்தா."

வாசலில் பையைக் கீழே போடும் சத்தம் கேட்டது. "அம்மா, பசிக்குது!" என்றது ஒரு குரல்.

சந்திரகலா முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க பின்பக்கமா போயிடுங்க அக்கா. மொதல்ல அவ சாப்பிடட்டும். அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, சோறு போடுவதற்காக அடுக்களைக்குள் போனாள்.